எழுத்தைக் கண்டுபிடித்தது கவிஞரா, கணக்குப்பிள்ளையா? (சுமேரியர் பற்றி ஓர் இழை)

#1 பேரேடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். முப்பது வருடமாகத் தணிக்கை வேலை பார்க்கிறேன். அடுத்தவர் எழுதிய கணக்கில் ஓட்டை தேடும் பிழைப்பு. போன வாரம் ஒரு களிமண் பலகையின் படம் கண்ணில் பட்டது. அதிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

பலகை சுமேரியர் வாழ்ந்த தெற்கு இராக்கைச் சேர்ந்தது, ஏறத்தாழ 5,000 வருடப் பழசு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: 29,086 அளவு பார்லி, 37 மாதம், குஷிம். குஷிம் என்பது ஆள் பெயரா, பதவிப் பெயரா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. என் தொழிலில் இரண்டும் ஒன்றுதான். கீழே கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்போம். ஆள் பெயர்தான் என்றால், நமக்குத் தெரிந்து உலகத்தில் எழுதப்பட்ட முதல் பெயர்களில் ஒன்று பீர் வடிக்கத் தானியம் வாங்கி வைத்த ஸ்டோர் கீப்பருடையது!

சுமேரியரின் உருக் நகரத்தில் கிடைத்த ஆதி எழுத்துப் பலகைகள் சுமார் 5,000. கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு வரவு செலவு. மீதி, எழுதப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியல்: பதவிகள், மரங்கள், மீன்கள், பானை வகைகள். ஒரு பாட்டு கிடையாது, ஒரு துதி கிடையாது. இலக்கியம் என்று சொல்லத்தக்க பலகைகள் கி.மு. 2600 வாக்கில்தான் வருகின்றன. அதாவது முதல் ஐந்நூறு அறுநூறு வருடம் எழுத்து என்றாலே கணக்கு.

எழுத்துக்கும் முன்னால் காய்கள் இருந்தன. சின்னச் சின்னக் களிமண் உருண்டை, கூம்பு, வட்டு. ஒரு வடிவம் ஆட்டுக்கு, ஒன்று எண்ணெய்க்கு. அப்புறம் அந்தக் காய்களை ஒரு களிமண் பந்துக்குள் போட்டு மூடி, மேலே முத்திரை உருட்டினார்கள். உள்ளே எத்தனை காய் என்று தெரிய வேண்டுமே, அதனால் மூடும் முன் ஒவ்வொரு காயையும் பந்தின் மேல்புறத்தில் அழுத்தித் தடம் பதித்தார்கள். கொஞ்ச காலத்தில் யாரோ ஒருவருக்கு உறைத்தது: தடம்தான் வெளியே இருக்கிறதே, உள்ளே காய் எதற்கு? பந்து தட்டையானது, பலகை ஆனது. தெனீஸ் ஷ்மாண்ட்-பெஸ்ஸெரா என்ற அறிஞர் முன்வைத்த பாதை இது. எல்லா எழுத்துருவும் காயிலிருந்து வந்ததா என்பதில் தகராறு உண்டு. எண்கள் வந்த வழி இது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

பந்தை ஏன் மூடி முத்திரை வைக்க வேண்டும்? நம்பிக்கை இல்லாததால்தான். மேய்ப்பன் நூறு ஆட்டோடு போய்த் தொண்ணூற்றைந்தோடு வந்து நிற்பான், அதனால்.

நாகரிகம் பிறந்தது கணக்கில்தான் என்று சொல்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

#2 மடைத்திறப்பு

பேரேடு சார், பிள்ளைக்குப் பெயர் வைத்தவரையே பெற்றவர் ஆக்கிவிட்டீர்கள். 29,086 அளவு பார்லியை எழுதினார் குஷிம், சரி. அதை விளைவித்தது யார்? விளைய வைத்தது எது? தண்ணீர்.

நான் வாய்க்கால், மதகு என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெற்கு இராக்கில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைத் தொடாது. மானாவாரிக்கு வழியே இல்லை. ஆறு இரண்டு ஓடுகிறதே என்பீர்கள். அந்த ஆறுகளின் குணம் தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். துருக்கி மலைகளில் பனி உருகி யூப்ரடீஸிலும் டைகிரீஸிலும் வெள்ளம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். பார்லி அறுவடைக்கு நிற்பதும் அதே நேரம். விதைப்புக்குத் தண்ணீர் வேண்டிய இலையுதிர் காலத்தில் ஆறு எலும்பும் தோலுமாகக் கிடக்கும். கேட்கும்போது கொடுக்காது, வேண்டாம் எனும்போது வீட்டுக்குள் வந்து நிற்கும். எகிப்தில் நைல் வெள்ளம் வந்து வடிந்த ஈரத்திலேயே விதைத்தார்கள். அவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது, இவர்களுக்கு இல்லை.

நிலமோ சமதரை. கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர் சரிவு இருந்தால் அதிகம். ஆறு தன் வண்டலாலேயே கரையை உயர்த்திக்கொண்டு சுற்றியுள்ள வயலைவிட மேட்டில் ஓடும். கரையில் வெட்டினால் தண்ணீர் தானாக இறங்கும், அது வசதி. உடைப்பு எடுத்தால் ஊர் போகும், அது ஆபத்து. வண்டலோ வருடா வருடம் வாய்க்காலை மேடாக்கும். தூர் வாரவில்லை என்றால் இரண்டு வருடத்தில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. தூர் வார ஆள் சேர்க்க வேண்டும், முறை வைக்க வேண்டும், முறை தப்பினவனைத் தட்டிக் கேட்க வேண்டும். தட்டிக் கேட்க ஒருவர் வந்ததும் அரசு வந்துவிட்டது. கணக்குப்பிள்ளை அவருக்குப் பின்னால் குடை பிடித்து வந்தவர்.

#3 ஊர்க்குருவி

ரெண்டு பெரியவங்களும் மன்னிக்கணும். யூடியூப்ல பார்த்தது: சுமேரியர்களுக்கு எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தது வேற கிரகத்து அனுன்னாகி. இன்னொரு வீடியோவுல சுமேரியர்களே தமிழர்கள்னு சொல்றாங்க. 'ஊர்'னு நகரத்துக்கே பேர் இருக்கு. இதுல எது உண்மை?

#4 மட்டுறுத்துநர்

வேற்றுக் கிரகத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அங்கே போய்ப் பேசவும். தமிழ்க் கேள்விக்கு யாராவது பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். போன முறை மாதிரி அடிதடி வேண்டாம்.

#5 அகரமுதலி

குருவி தம்பி, கேட்டதில் தப்பில்லை. இலங்கைப் பேராசிரியர் ஆ. சதாசிவம் 1965-இல் சுமேரியத்தைத் திராவிட மொழி என்று நூலே எழுதினார். எனவே இது யூடியூப்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. ஆனால் மொழியியலில் இது நிலைக்கவில்லை. ஏன் என்று உதாரணத்தோடு சொல்கிறேன்.

முதலில் 'ஊர்'. நாம் ஊர் என்று எழுதும் அந்த நகரத்துக்குச் சுமேரியர் வைத்த பெயர் உரிம். நகரம் என்பதற்கு அவர்கள் சொல் 'இரி' அல்லது 'உரு'. ஒலி ஒத்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றிரண்டு சொல் ஒத்தால் உறவு ஆகாது. பாரசீகத்தில் 'பத்' என்றாலும் ஆங்கிலத்தில் 'பேட்' என்றாலும் கெட்டது என்றே பொருள். இரண்டும் வெவ்வேறு வேரிலிருந்து வந்தவை. உறவு என்றால் ஒலி மாற்றம் ஒழுங்காக, நூற்றுக்கணக்கான சொற்களில் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

அடுத்தது இலக்கணம். இரண்டுமே ஒட்டுநிலை மொழிகள், சொல்லோடு உருபு ஒட்டும். அதோடு ஒற்றுமை முடிகிறது. 'லுகல்' என்றால் அரசன். 'லு' ஆள், 'கல்' பெரிய. அதாவது 'ஆள் பெரிய'. நாம் 'பெரிய ஆள்' என்போம். அடை அவர்களுக்குப் பின்னால், நமக்கு முன்னால். அரசன் கோயிலைக் கட்டினான் என்றால் 'லுகல்' என்பதோடு ஒரு 'எ' சேர்ப்பார்கள். அரசன் இறந்தான் என்றால் வெறும் 'லுகல்', அந்த 'எ' வராது. இன்னொன்றின் மேல் செயல் செய்பவருக்கு ஓர் அடையாளம், சும்மா செத்துப் போகிறவருக்கு அது இல்லை. தமிழில் கட்டின அரசனும் செத்த அரசனும் எழுவாயில் ஒன்றே. நாம் அடையாளம் போடுவது கோயிலுக்கு, 'கோயிலை' என்று. மேலும் சுமேரிய வினைச்சொல்லுக்கு முன்னால் 'மு', 'பா' என்று ஒட்டுகள் வரிசை கட்டி நிற்கும். தமிழ் வினை எல்லா ஒட்டையும் பின்னால் வாங்கும்.

சுமேரியத்துக்கு இதுவரை உறவு மொழி எதுவும் நிறுவப்படவில்லை. தனிமரம். கி.மு. 2000-க்குப் பிறகு மக்கள் வாயிலிருந்து மறைந்து, பள்ளியிலும் கோயிலிலும் மட்டும் இன்னும் இரண்டாயிரம் வருடம் படிக்கப்பட்ட மொழி.

சிந்துவெளியோடு தொடர்பு இருந்தது நிச்சயம். ஊர் அரச கல்லறைகளில் சிந்துவெளி வேலைப்பாடு உள்ள செந்நிறக் கார்னீலியன் மணிகள் கிடைத்திருக்கின்றன. மெலுஹா நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் நின்றதாக அக்காத் நாட்டு அரசர் சார்கோன் பெருமை பேசுகிறார். மெலுஹா என்பது சிந்துவெளிதான் என்பது பெரும்பாலோர் கருத்து. பாரீஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ஓர் உருளை முத்திரை இருக்கிறது. ஷு-இலிஷு, மெலுஹா மொழிபெயர்ப்பாளர் என்று அதில் பொறித்திருக்கிறது. யோசித்துப் பார் தம்பி, அங்கேயும் இங்கேயும் ஒரே மொழி என்றால் இந்த மனிதருக்கு என்ன வேலை?

#6 ஊர்க்குருவி

அக்கா, அந்த மொழிபெயர்ப்பாளர் போதும். நான் சரண்டர்.

#7 பேரேடு

அகரமுதலி அம்மாவுக்கு நன்றி. மடைத்திறப்பு ஐயாவுக்கு வருகிறேன்.

ஐயா, தண்ணீர் மேலாண்மையால்தான் அரசு வந்தது என்ற கருத்துக்குப் பெரிய ஆதரவு இருந்தது, தெரியும். ஆனால் அதே இராக் சமவெளியை நடந்து நடந்து அளந்த தொல்லியலாளர் ராபர்ட் ஆடம்ஸ் என்ன சொன்னார்? ஆரம்ப கால வாய்க்கால்கள் சின்னவை. ஆற்றின் கிளையிலிருந்து ஊர்க்காரர்களே வெட்டிக்கொண்டவை. அரசு நடத்தும் பெரிய கால்வாய்கள் நகரங்கள் வந்து வெகு காலம் கழித்துத்தான் வருகின்றன என்றார். தூர் வார நாலு ஊர்ப் பெரியவர்கள் போதும், லுகல் வேண்டாம்.

இன்னொன்று. சிரியாவின் வடகிழக்கில் டெல் பிராக் என்ற தொல்லியல் மேடு இருக்கிறது. அது மழையை நம்பி விவசாயம் நடக்கும் பகுதி. அங்கே கி.மு. 4000-த்தை ஒட்டிய நூற்றாண்டுகளிலேயே பெரிய குடியிருப்பு வளர்ந்துவிட்டது. மடை இல்லாமல் எப்படி?

#8 மடைத்திறப்பு

டெல் பிராக் எனக்கும் நெருடல்தான். ஆனால் உருக் அளவுக்கு எது வளர்ந்தது? கி.மு. 2900 வாக்கில் சுற்றுச் சுவர் மட்டும் 9 கிலோமீட்டருக்கு மேல். உள்ளே 40,000 பேராவது இருந்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தக் காலத்தில் உலகத்தில் அதற்கு இணை இல்லை. இத்தனை பேருக்கும் சோறு போடும் உபரி கொழுத்த பாசன நிலத்தில்தான் வரும்.

ஆடம்ஸ் பெயரைச் சொன்னீர்கள், அதே ஆடம்ஸை வைத்தே என் பங்குக்கும் ஒன்று. அவரும் தார்கில்ட் ஜேக்கப்சனும் 1958-இல் எழுதிய கட்டுரை உப்பைப் பற்றியது. பாசனம் செய்த நிலத்தில் வடிகால் இல்லை என்றால் நிலத்தடி நீர் மேலே ஏறும், வெயிலில் நீர் போகும், உப்பு தங்கும். கோதுமைக்கு உப்பு ஆகாது, பார்லி ஓரளவு தாங்கும். கி.மு. 3500 வாக்கில் கோதுமையும் பார்லியும் சரிக்குச் சரி, கி.மு. 2400 வாக்கில் கிர்சு நகரத்தில் கோதுமை ஆறில் ஒரு பங்கு, கி.மு. 1700 வாக்கில் தெற்கில் கோதுமையே இல்லை. விளைச்சலும் ஹெக்டேருக்கு 2,537 லிட்டரிலிருந்து 897 லிட்டருக்கு இறங்கியது. அந்தக் கட்டுரையின் கணக்கு இது. பின்னால் வந்த சிலர் இதை மறுத்தார்கள். பலகையில் உள்ள அளவைகளைச் சரியாகப் படிக்கவில்லை, உழவர்கள் தரிசு விட்டு உப்பைச் சமாளித்தார்கள் என்றார்கள்.

தரிசு விஷயம் எனக்குப் பிடித்தது. ஒரு வருடம் சும்மா விட்டால் ஆழ வேர் விடும் முட்செடிகள் முளைத்து அடிமண் ஈரத்தை உறிஞ்சிவிடும். நிலத்தடி நீர் இறங்கும், அடுத்த பாசனத்தில் உப்பும் அதோடு இறங்கும். களை என்று நாம் பிடுங்கி எறிவது அங்கே வடிகால். பேராசையில் தரிசு விடாமல் வருடா வருடம் விதைத்தால் போச்சு.

#9 பஸ்ரா பாய்

நண்பர்களே, நான் வரலாறு படித்தவன் இல்லை. வேலைக்காக நான்கு வருடம் தெற்கு இராக்கில் இருந்தேன். மடைத்திறப்பு ஐயா சொல்லும் உப்பைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாசிரியா பக்கம் சாலையின் இரண்டு பக்கமும் நிலம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், சோப்புத் தூள் மூட்டை கிழிந்து கொட்டின மாதிரி. கால் வைத்தால் மேல்தோல் நொறுங்கும், கீழே ஈரம்.

நாசிரியாவிலிருந்து அந்த ஊர் நகரத்தின் இடிபாடு பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். ஒரு ஜனவரி வெள்ளிக்கிழமை போனேன். கி.மு. 2100-ஐ ஒட்டி அரசர் உர்-நம்மு கட்டத் தொடங்கிய சிகுராத், அதாவது அடுக்கடுக்காக உயரும் கோயில் மேடை, அடிப்பகுதி 64 மீட்டருக்கு 45 மீட்டர். முகப்பில் பெரும்பகுதி சதாம் காலத்தில் திருப்பிக் கட்டியது, படிக்கட்டு அநியாயத்துக்குப் புதுசு. ஆனால் பழைய பகுதிக்கு அருகில் போனால் சுட்ட செங்கல்லுக்கு இடையில் கறுப்பாக ஒன்று பிதுங்கி நிற்கும். தார். பூமியிலிருந்து தானாக ஊறி வரும் தாரைச் சாந்தாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நான் வேலை பார்த்தது எண்ணெய்த் துறையில். நான்காயிரம் வருடத்துக்கு முன்னாலேயே அந்த மண்ணின் எண்ணெயில் ஆள் வேலை பார்த்திருக்கிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சுவரில் வரிசையாக ஓட்டைகள். உள்ளே இருப்பது பச்சைச் செங்கல், ஈரம் போக வழி என்றார் கூட வந்த இராக்கி டிரைவர்.

அந்த ஊரில் கல் இல்லை, நல்ல மரம் இல்லை, செம்பு இல்லை. இருப்பது மண், நாணல், தண்ணீர், தார். வாய்க்கால், கணக்கு என்று பேசுகிறீர்கள், சதுப்பை யாரும் சொல்லவில்லையே? நாசிரியாவுக்குக் கிழக்கே சதுப்புப் பகுதிக்குப் போனால் நாணல் கட்டுகளை வளைத்துக் கட்டிய முதீஃப் என்ற விருந்தினர் கூடம் இருக்கும். ஆணி ஒன்று கிடையாது. லண்டன் அருங்காட்சியகத்தில் உருக் காலத்துக் கல் தொட்டி ஒன்றின் படம் பாருங்கள், அதில் ஆட்டுக்குட்டிகள் வெளியே வருகிற குடில் அச்சு அசல் இதே நாணல் கட்டு. மீன், வாத்து, எருமைக்குத் தீனி, வீடு கட்ட நாணல், பலகையில் எழுதக் குச்சி, படகு போக வழி எல்லாம் சதுப்புதான். அப்போது கடலும் இப்போது இருப்பதைவிட உள்ளே தள்ளி, ஊர் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்ததாம். சதுப்பை 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது ஊர், உருக், எரிது மூன்றையும் சேர்த்தே போட்டார்கள். சும்மா போட்டிருக்க மாட்டார்கள்.

#10 மடைத்திறப்பு

பாய், இது சரியான அடி. ஆரம்ப நகரங்கள் சதுப்புக்கு நடுவே மேட்டில் உட்கார்ந்தவை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். பார்லி மூட்டையைக் கழுதை முதுகில் ஏற்றுவதற்கும் படகில் ஏற்றுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! தண்ணீர்தான் காரணம் என்ற என் கட்சி தோற்கவில்லை. பாசனம் என்ற இடத்தில் படகு என்று திருத்திக்கொள்கிறேன்.

#11 தறிக்காரி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பார்லி, தண்ணீர், மீன், தார் எல்லாம் வந்தது. துணி வரவில்லை. கல்லும் செம்பும் இல்லாத ஊருக்கு வெளியூரிலிருந்து அவை எப்படி வந்தன? எதைக் கொடுத்து வாங்கினார்கள்? ஆட்டு ரோமத் துணி முக்கியமான ஒன்று. அதை நெய்தது யார்? பெண்கள்.

ஊர் நகரை ஆண்ட மூன்றாம் வம்சக் காலத்துக் கணக்குகளில் லகாஷ் என்ற நகரப் பகுதியில் மட்டும் ஆயிரக்கணக்கான நெசவுப் பெண்கள், குழந்தைகளோடு பதிவாகியிருக்கிறார்கள். ஆணுக்கு மாதம் 60 சீலா பார்லி, பெண்ணுக்குப் பாதி, 30 சீலா. ஒரு சீலா சுமார் ஒரு லிட்டர். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பார்லி, வருடத்துக்குக் கொஞ்சம் ரோமம். நான் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள். பாவு ஓட்டுவது, நூல் சுற்றுவது எல்லாம் வீட்டுப் பெண்கள் வேலை, கூலி நோட்டில் ஒரே பெயர், அப்பா பெயர். அங்கே குறைந்தபட்சம் தலைக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்.

பேரேடு அண்ணன் எழுத்து பிறந்ததைக் கொண்டாடுகிறார். அந்த எழுத்தில் அடிமைப் பெண்ணுக்கு என்ன குறி தெரியுமா? பெண் குறியும் மலைக் குறியும் பக்கத்தில் பக்கத்தில். சுமேரியாவில் மலை கிடையாது. மலை என்றால் வெளிநாடு. மலையிலிருந்து பிடித்து வந்த பெண், அதுதான் அடிமை.

#12 பேரேடு

தறிக்காரி அம்மா, அந்தக் குறியைச் சொற்பட்டியலில் தாண்டிப் போயிருக்கிறேன். இரண்டு உருவத்தில் ஒரு படையெடுப்பே இருக்கிறது.

#13 அகரமுதலி

பெண்கள் மறுமுனையிலும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கி.மு. 24-ஆம் நூற்றாண்டில் லகாஷ் அரசன் லுகலந்தாவின் மனைவி பரநம்தர்ரா. 'பெண்ணின் வீடு' என்று பெயர் கொண்ட பெரிய நிறுவனம் ஒன்றை நடத்தினார். வயல், மீனவர், நெசவாளர், பீர் வடிப்பவர் எல்லாம் அதன் கீழ். அதன் கணக்குப் பலகைகள் 1,700-க்கு மேல் கிடைத்திருக்கின்றன. கூலி வாங்கியதும் பெண், அளந்து கொடுக்கச் சொன்னதும் பெண். சுமேரிய அரசர் பட்டியலில் கிஷ் நகரை ஆண்ட குபாபா என்ற பெண்ணும் வருகிறார். முந்தைய தொழில் சாராயக்கடை. அந்தப் பட்டியலின் முதல் அரசர் 28,800 வருடம் ஆண்டவர் என்பதால் குபாபாவையும் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

#14 ஊர்க்குருவி

பேரேடு சார், 60 சீலா, 30 சீலான்னு வருதே, எல்லாம் அறுபதாவே இருக்கு? மணிக்கு அறுபது நிமிஷம் அவங்க கொடுத்ததுதானா?

#15 பேரேடு

ஆமாம் தம்பி, அறுபதை அடியாக வைத்து எண்ணும் முறை அவர்களிடமிருந்து பாபிலோனியர் வழியாக நம் கடிகாரத்துக்கு வந்தது. ஆனால் ஆரம்ப காலக் கணக்குப்பிள்ளை பட்ட பாடு உனக்குத் தெரியாது. எனக்குத் தூக்கம் கெட்டது இதனால்தான்.

ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியின் அடிமுனையைச் சாய்த்து அழுத்தினால் நகம் பதிந்த மாதிரி ஒரு தடம். நேராகக் குத்தினால் வட்டக் குழி. நகத் தடம் ஒன்று என்று வைத்துக்கொள். வட்டக் குழி எத்தனை? ஆட்டை எண்ணினால் 10. பார்லியை அளந்தால் 6. வயலை அளந்தால் 18. ஒரே குழி! எதை எண்ணுகிறாய் என்பதைப் பார்த்துத்தான் எத்தனை என்று சொல்ல முடியும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு எண் முறைகள் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருந்தன. சிரிக்காதே, நம் தாத்தாக்களும் நெல்லை மரக்காலிலும் நிலத்தை மாவிலும் அளந்தவர்கள்தான். வெறும் 'பத்து' என்ற எண் தனியாக இல்லை. பத்து ஆடு உண்டு, பத்து மூட்டை உண்டு. பொருளைவிட்டுப் பிரிந்த எண் பின்னால்தான் தலை தூக்கியது.

ஒலியும் கணக்கு வழியாகத்தான் உள்ளே வந்தது என்று நினைக்கிறேன். ஆட்டை வரையலாம், பானையை வரையலாம். வாங்கினவன் பெயரை எப்படி வரைவது? சுமேரியத்தில் அம்புக்கு 'தி', உயிருக்கும் 'தி'. பெயரில் உயிர் என்று வந்தால் அம்பை வரைந்துவிடு. படம் ஒலியாக மாறிய இடம் அது. பிற்காலத்துப் பாட்டுகளுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டது ரசீதில் எழுதிய ஒரு பெயர்.

#16 அகரமுதலி

கடைசிப் பத்தியில் பாதிக்குத்தான் என் ஓட்டு. சொற்பட்டியல்களை மறந்துவிட்டீர்கள். அந்தப் பதவிப் பட்டியலை ஆயிரம் வருடத்துக்கு வரிசை மாறாமல் பிரதி எடுத்தார்கள், அதில் இருந்த பல பதவிகள் வழக்கொழிந்த பிறகும். எந்த வரவுசெலவுக்கு அது உதவும்? எழுதுவதில் அப்போதே கணக்கைத் தாண்டிய ஒரு பித்து இருந்திருக்கிறது.

பிற்காலத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பெயரே 'பலகை வீடு'. ஒரு மாணவன் சொல்வதாக வரும் பாடம் ஒன்று உண்டு: பேசியதற்கு அடி, எழுந்து நின்றதற்கு அடி, வாசலைத் தாண்டியதற்கு அடி, கையெழுத்து நன்றாயில்லை என்று அடி. கடைசியில் அப்பாவிடம் சொல்லி வாத்தியாரை வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து, புது உடை, மோதிரம். அப்புறம் பையன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று வாத்தியார் வாயெல்லாம் புகழ்.

#17 மடைத்திறப்பு

இதை என் பேரனுக்குக் காட்டக்கூடாது.

பேரேடு சார், கணக்கும் தண்ணீரும் சேர்ந்து அடித்துக்கொண்ட கதை ஒன்று உங்களுக்குத் தெரியும், நீங்களே சொல்லுங்கள். உம்மா, லகாஷ்.

#18 பேரேடு

சொல்கிறேன். அடுத்தடுத்த இரண்டு நகர அரசுகள்: உம்மா தலைமடை, லகாஷ் கடைமடை. நடுவில் குஏதென்னா என்ற வளமான வயல்வெளி. கிஷ் அரசன் மெசிலிம் பஞ்சாயத்துப் பண்ணி எல்லைக்கல் நட்டார். உம்மாக்காரர்கள் கல்லைப் பிடுங்கினார்கள். கி.மு. 2450 வாக்கில் லகாஷ் அரசர் எயன்னாத்தும் என்பவர் ஜெயித்து ஒரு கல்வெட்டு வைத்தார். கழுகுகள் எதிரியின் தலைகளைக் கொத்திப் பறக்கும் காட்சி, லூவரில் துண்டு துண்டாக இருக்கிறது. சண்டை தலைமுறைகளைத் தாண்டி ஓடியது.

எனக்கு வேண்டியது அந்தக் கழுகு இல்லை, பின்னால் லகாஷை ஆண்ட என்மெதேனா விட்டுப்போன களிமண் கூம்பு. உம்மா அந்த வயலில் பயிரிடலாம், பார்லி கடனாகக் கணக்கு வைக்கப்படும், வட்டி உண்டு என்று ஏற்பாடு. உம்மா கட்டவில்லை. வட்டிக்கு வட்டி ஏறி, கட்டவே முடியாத தொகை ஆனது. கடனைக் கேட்டதும் உம்மா என்ன செய்தது? எல்லை வாய்க்கால் தண்ணீரைத் திருப்பியது. நமக்குத் தெரிந்து எழுத்தில் வந்த முதல் கூட்டுவட்டி இது, முடிந்த இடம் மடையில்.

சுமேரியத்தில் வட்டிக்கு 'மாஷ்' என்று சொல். மாஷ் என்றால் ஆட்டுக்குட்டி என்றும் பொருள். வட்டி குட்டி போடும் என்று நாம் சொல்வதில்லையா?

#19 தறிக்காரி

அருமை அண்ணா. இதே லகாஷில்தான் கொஞ்ச காலம் கழித்து உருகாகினா என்ற அரசர் வந்து, அதிகாரிகள் பிடுங்கித் தின்றதை நிறுத்தியதாக எழுதி வைத்தார். 'அமகி' என்ற சொல் அங்கே வருகிறது. விடுதலை என்று மொழிபெயர்ப்பார்கள், எழுத்துக்கு எழுத்து 'தாயிடம் திரும்புதல்'. கடனில் அடிமையானவர் வீடு திரும்புவது. கூட்டுவட்டி எழுதிய அதே களிமண்ணில் இதையும் எழுதினார்கள்.

பாய், ஒரு கேள்வி. உருக் காலத்துக் கூலிக் கிண்ணங்கள் என்று ஒன்று படித்தேன். நீங்கள் பார்த்தீர்களா?

#20 பஸ்ரா பாய்

பார்த்தேன் சகோதரி. சமாவா பக்கம் வர்க்கா, அதுதான் உருக், ஒரே ஒரு முறை போனேன். அங்கே தரையே பானை ஓடுதான். கூட வந்தவர் ஒரு துண்டைக் காட்டினார்: விளிம்பு சாய்வாகச் சீவினது, தடித்த, அவசரமான வேலை. மெருகு கிடையாது, சக்கரத்தில் வனைந்ததும் இல்லை. உள்ளே அடியில் விரல் அழுத்தின பள்ளம். என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை, சின்ன விரல். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்; அங்கிருந்து எதையும் எடுப்பது குற்றம், எடுக்கவும் கூடாது.

#21 பேரேடு

அந்தக் கிண்ணம் ஈரான், சிரியா, துருக்கி வரை ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. ஆதி எழுத்தில் 'உண்' என்ற குறியே ஒரு தலையும் அதன் வாயருகே இந்தக் கிண்ணமும்தான். கூலி அளந்து கொடுத்த கிண்ணம் என்பது ஒரு கட்சி. ரொட்டி சுடும் அச்சு என்பது மறுகட்சி. மறுகட்சிக்காரர்கள் காட்டும் காரணங்களில் ஒன்று, கிண்ணங்கள் ஒரே கொள்ளளவில் இல்லை. ஒன்றுக்கொன்று நிறைய மாறுகிறது, அளக்கும் பாத்திரம் அப்படி இருக்க முடியாது என்கிறார்கள்.

#22 தறிக்காரி

கூலி அளக்கும் பாத்திரம் ஆளுக்கு ஆள் மாறாது என்று சொன்னவர் யாராயிருந்தாலும், கூலி வாங்கினவராக இருக்க முடியாது அண்ணா.